கையுறையை ஒளித்த போலீஸ்காரன்

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “பழைய துப்பறியும் படம் ஒன்று பார்க்க ஆசை. பிளாக்மெயில், வங்கிக் கொள்ளை மாதிரி சமாச்சாரங்கள் இருக்க வேண்டும். ஊமைப் படமாக இருந்தாலும் பரவாயில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? இன்றைக்குப் பார்த்தால் தூக்கம் வராமல் இருக்குமா?”

தூக்கம் வராது. ஆனால் ஒரு படத்துக்குப் பதில் இரண்டு சொல்லப்போகிறேன். வங்கிக் கொள்ளைக்கு 1915இல் அமெரிக்காவில் வந்த ‘ஏலியஸ் ஜிம்மி வேலன்டைன்’. மிரட்டலுக்கு 1929இல் லண்டனில் வந்த ‘பிளாக்மெயில்’. நடுவே பதினான்கு வருஷமும் ஒரு சமுத்திரமும் இருக்கின்றன. இருந்தும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். இரண்டிலும் துப்பறிகிறவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார். கண்டுபிடித்த பிறகு, கண்டும் காணாததுபோல் இருந்துவிடுகிறார். முதல் படத்தில் இதைப் பார்த்து நாம் கண் கலங்குகிறோம். இரண்டாவதில் வயிற்றைக் கலக்குகிறது. செயல் ஒன்றுதான், இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதில் முழுக்க.

போகிற போக்கில் ஒன்று. சினிமாவின் முதல் துப்பறியும் படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1900இல் எடுக்கப்பட்ட அரை நிமிடத் துணுக்கு ஒன்று. காசு போட்டு, கைப்பிடியைச் சுற்றி, கண்ணை வைத்துப் பார்க்கிற பெட்டிக்காக எடுத்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் அறைக்குள் வருகிறார், திருடன் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். தொட்டால் மாயமாகிறான். சுட்டாலும் மாயமாகிறான். கடைசியில் ஹோம்ஸ் கையிலிருந்த மூட்டையும் மறைந்து திருடனிடம் போய்ச் சேர, அவர் திருதிருவென்று விழிப்பதோடு படம் முடிகிறது. ஆக, திரையில் முதன்முதலாக வந்த துப்பறிவாளரே கோட்டை விட்டவர்தான்!

சரி, ஜிம்மி வேலன்டைனுக்கு வருவோம்.

இதன் மூலக்கதை ஓ. ஹென்றியுடையது, 1903இல் பத்திரிகையில் வந்தது. பெட்டகம் உடைக்கிறவனைப் பற்றி எழுதிய இந்த மனிதரே வங்கிப் பணத்தைக் கையாடியதாகச் சிறைக்குப் போனவர். இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் ஒரு வங்கியில் 1891 முதல் 1894 வரை கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். கணக்கு உதைத்தது. வழக்கு வந்ததும் 1896இல் ஹோண்டுராசுக்கு ஓடிப்போனார். மனைவி சாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார். 1898இல் ஐந்தாண்டுத் தண்டனை. கையாடியதாகத் தீர்ப்பான தொகை 854 டாலர் சொச்சம். அவர் நிஜமாகவே எடுத்தாரா, அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்த லட்சணம் அப்படியா என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஓஹியோ சிறையில் மருந்தகத்தில் வேலை கொடுத்தார்கள். 1901இல் வெளியே வந்தார்.

அதே சிறையில் ஆல் ஜென்னிங்ஸ் என்றொருவர் இருந்தார். வக்கீலாக இருந்து ரயில் கொள்ளைக்காரரானவர். இருவருக்கும் ஹோண்டுராசிலேயே பழக்கம். ஜென்னிங்ஸ் பிற்பாடு எழுதிய நினைவுக் குறிப்பில் சிறையில் இருந்த ஒரு பெட்டகத் திருடனைப் பற்றிச் சொல்கிறார். ஒரு நிறுவனத்தின் பெட்டகம் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டது, உள்ளே இருக்கும் காகிதங்கள் அரசாங்கத்துக்குத் தேவை. திறந்தால் மன்னிப்பு வாங்கித் தருகிறோம் என்று அந்தக் கைதியை அழைத்துப் போனார்கள். அவன் நகங்களைச் சதை தெரிய அராவிக்கொண்டு, டயலின் துடிப்பை விரலால் தொட்டறிந்து திறந்தான். மன்னிப்பு வரவில்லை. சிறையிலேயே செத்தான்.

ஓ. ஹென்றி அவனுக்குக் கதையில் வேறு முடிவு கொடுத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கதை பலருக்கும் தெரிந்ததுதான். விடுதலையான பெட்டகத் திருடன் ஜிம்மி ஒரு சிற்றூருக்குப் போகிறான். வங்கிக்காரர் மகளைப் பார்க்கிறான், மனம் மாறுகிறது, வேறு பெயரில் செருப்புக்கடை வைத்து நல்லபடியாக வாழ்கிறான். கல்யாணம் நெருங்கும்போது வங்கியின் புது ஸ்ட்ராங் ரூமுக்குள் ஒரு குழந்தை மாட்டிக்கொள்கிறது. திறந்தால் தான் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், திறக்காவிட்டால் குழந்தை மூச்சு முட்டிச் செத்துவிடும். திறக்கிறான். வாசலில் நிற்கிற துப்பறிவாளர் பென் பிரைஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஜிம்மி தானாகவே கையை நீட்டியபோது, உங்களை எனக்குத் தெரியாதே என்கிற பாவனையில் நடந்து போய்விடுகிறார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு, பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அந்தக் கதவில் கடிகாரப் பூட்டு இருக்கிறது. குறித்த மணி அடிக்கும் வரை, எண் தெரிந்த மேனேஜராலேயே திறக்க முடியாத பூட்டு அது. ஜேம்ஸ் சார்ஜென்ட் என்பவர் 1873இல் அமெரிக்காவில் இதைச் செய்து காட்டினார். மேனேஜரை ராத்திரி வீட்டிலிருந்து இழுத்து வந்து திறக்கச் சொல்லும் கொள்ளைக்காரர்களுக்கு இதனால் பிழைப்பு கெட்டது. ஓ. ஹென்றி கதையில் வங்கிக்காரர், கடிகாரத்துக்கு இன்னும் சாவி கொடுக்கவில்லை, எண்ணும் வைக்கவில்லை என்று கத்துகிறார். படிக்கிறவருக்குப் பதற்றம் கூடுகிறது. ஆனால் ஜிம்மியால் திறக்க முடிவதும் அதனால்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வங்கியில் உட்கார்ந்து எழுந்தவருக்குத்தான் இப்படி ஒரு வரி தோன்றும்.

1910இல் பால் ஆர்ம்ஸ்ட்ராங் இதை நாடகமாக்கினார். நாடக உரிமைக்கு ஓ. ஹென்றிக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலர் என்பார்கள், ஆர்ம்ஸ்ட்ராங்குக்கோ பணம் கொட்டியது. ஓ. ஹென்றி அதே வருஷம் ஜூனில் இறந்துபோனார். நாடகத்தில் பென் பிரைஸ் டாய்ல் ஆனார். கதையில் ஜிம்மி தன் கருவிப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லித் துளை போட்டுத் திறப்பான். மேடையில் துளை போட்டுக்கொண்டிருந்தால் யார் பார்ப்பார்கள்? விரல்நுனியை உப்புத்தாளில் தேய்த்து, தோலை மெல்லிதாக்கி, டயலைத் தொட்டுத் தொட்டுத் திறக்கிறவனாக அவனை மாற்றினார்கள். பெட்டகத் திருடன் என்றாலே விரலைத் தேய்த்துக்கொள்கிறவன் என்று உலகம் நம்பத் தொடங்கியதில் இந்த நாடகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அது நடக்கக்கூடியதா? பாதி. எண்பூட்டுக்குள் மூன்று நான்கு சக்கரங்கள் இருக்கும், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு. டயலைச் சரியான எண்களில் திருப்பினால் வெட்டுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். மேலே காத்திருக்கும் சின்னக் கம்பி அந்தப் பள்ளத்தில் விழும், தாழ் விலகும். எந்தச் சக்கரமும் நூற்றுக்கு நூறு வட்டமாக இருக்காது. அந்த மயிரிழை வித்தியாசத்தை டயல் முட்டுகிற இடத்தில் உணர்ந்து, எண்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கலாம். பூட்டு வேலைக்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். தாளில் குறித்துக்கொண்டு, பொறுமையாக, சில சமயம் மணிக்கணக்கில். ஒரு நிமிடத்தில் கைதட்டல் வாங்குகிற வேலை அல்ல. அந்தக் காலத்து நிஜக் கொள்ளைக்காரர்கள் இந்த நளினத்துக்கெல்லாம் போகவில்லை. கதவிடுக்கில் நைட்ரோகிளிசரினை ஊற்றி வெடித்தார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு ‘சூப்’ என்று பெயர்.

படத்தை இயக்கியவர் மோரீஸ் தூர்னர். பாரிஸ்காரர், இளமையில் சிற்பி ரோதினிடம் உதவியாளராக இருந்தவர். 1914இல் நியூஜெர்சியின் ஃபோர்ட் லீக்கு வந்தார். நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் ஃபோர்ட் லீ. ஹாலிவுட் தலையெடுப்பதற்கு முன் அமெரிக்க சினிமா அங்கேதான் கண்ணாடிக் கூரைகளுக்குக் கீழே நடந்தது. அரங்க அமைப்பு பென் கரே, இன்னொரு பிரெஞ்சுக்காரர்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். ஜிம்மியின் கும்பல் இரவில் வங்கிக்குள் நுழைகிறது. அந்தக் காலத்து வழக்கப்படி எடுத்திருந்தால் முன் அறை, பெட்டக அறை, காவலாளி இருக்கும் நடை என்று ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். தூர்னர் வங்கி முழுவதையும் கூரையில்லாமல் கட்டி, கேமராவை உச்சிக்கு ஏற்றி, அண்ணாந்து கிடக்கும் கட்டடத்தை அப்படியே குனிந்து பார்க்கிறார். தடுப்புச் சுவர்கள் கோடுகளாகத் தெரிகின்றன. ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை மேலே இருந்து பார்க்கிற மாதிரி. திருடர்கள் எந்த அறையில், காவலாளி எந்த மூலையில், எந்தக் கதவு திறந்தால் யார் யாரை முட்டுவார்கள், எல்லாம் ஒரே சட்டத்துக்குள் ஓடுகிறது. கீழே இருப்பவர்களுக்குச் சுவர் மறைக்கிறது, நமக்கு மறைக்கவில்லை. ஒரு வசன அட்டை தேவைப்படவில்லை. கொள்ளை என்பது யார் எங்கே நிற்கிறார்கள் என்ற கணக்கு, அதைச் சொல்ல வாய் வேண்டாம், உயரம் போதும் என்று அவருக்கு 1915இலேயே தெரிந்திருக்கிறது.

கதையிலும் மாற்றங்கள் உண்டு. இங்கே ஜிம்மி பகலில் மரியாதைப்பட்ட லீ ராண்டல், இராத்திரியில் பெட்டகத் திருடன். ரயிலில் ரோஸ் என்ற பெண்ணிடம் வம்பு செய்யும் தன் கூட்டாளியோடு மல்லுக்கு நிற்கிறான். அடிபட்ட கூட்டாளி சாகும் தறுவாயில் டாய்லிடம் காட்டிக்கொடுத்துவிடுகிறான். சிறைக் காட்சிகளை நிஜமான சிங் சிங் சிறையிலேயே எடுத்தார்கள். அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் தாமஸ் மாட் ஆஸ்பர்ன், கைதிகள் படும் பாடு என்னவென்று தெரிந்துகொள்ள 1913இல் ஆபர்ன் சிறையில் ஒரு வாரம் வேறு பெயரில் தானே கைதியாக அடைபட்டுக் கிடந்தவர். அந்தச் சுவர்களும் அந்த வரிசைகளும் செட் போட்டு வராது. வெளியே வந்த பிறகு ரோஸின் தந்தையின் வங்கியிலேயே அவனுக்குக் கேஷியர் வேலை. பழைய ஆட்கள் தேடி வருவதும், டாய்ல் மோப்பம் பிடித்து வருவதும், குழந்தை உள்ளே மாட்டுவதும் நீங்கள் எதிர்பார்க்கிறபடிதான். நடுவில் கொஞ்சம் இழுவை, சொல்லிவிடுகிறேன். காதல் காட்சிகளில், ஜிம்மியாக நடித்த ராபர்ட் வார்விக் மேடையிலேயே நின்றுவிட்டவர் மாதிரி இருக்கிறார்.

கடைசியில் டாய்ல் விட்டுவிடுகிறார். நமக்கு நிம்மதி. ஏன் நிம்மதி என்று யோசித்திருக்கிறீர்களா? ஜிம்மி திருடினான், தண்டனை அனுபவித்தான், திருந்தினான், தன் வாழ்க்கையைப் பணயம் வைத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினான். இவை எல்லாமே நம் கண்ணெதிரே நடந்தவை. டாய்லுக்கும் அவனுக்கும் உறவில்லை, விட்டதில் டாய்லுக்குக் காலணா லாபமில்லை. விட்டவர் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

(ஆல் ஜென்னிங்ஸ் என்ன ஆனார்? 1908இல், அதாவது இந்தப் படத்துக்கும் முன்னால், ஓக்லஹோமாவின் கேஷ் என்ற ஊரில் ஒரு வங்கிக் கொள்ளைப் படத்தில் கொள்ளைக்காரராகவே நடித்தார். இயக்கியவர் நிஜ சட்டக் காவலரான பில் டில்மன். படப்பிடிப்பை நிஜக் கொள்ளை என்று நினைத்து ஒருவர் வங்கி ஜன்னல் வழியே குதித்து ஓடினார் என்று சொல்வார்கள். போலீஸ் படம் எடுக்க, திருடர் நடிக்க, ஊர் பயந்திருக்கிறது.)

ஜிம்மி கதையை 1928இல் ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம். மறுபடி எடுத்தது. டாய்லாக லயனல் பேரிமோர். அதற்குள் பேசும் படம் வந்துவிட்டதால், ஊமையாக எடுத்த படத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் பேச்சைச் சேர்த்தார்கள். எம்.ஜி.எம். எடுத்த முதல் பாதிப் பேசும் படம் அதுதான். பாதி ஊமை, பாதி பேச்சு என்று அந்த ஒரு வருஷம் சினிமாவே தெற்றுவாய்ப் பிள்ளை மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் இருபத்தொன்பது வயது ஹிட்ச்காக் ‘பிளாக்மெயில்’ எடுத்துக்கொண்டிருந்தார். சார்லஸ் பென்னெட்டின் 1928 நாடகம் மூலம். ஊமைப் படமாகத் தொடங்கியது. கடைசி ரீலில் மட்டும் பேச்சு வரட்டும் என்றார்கள் தயாரிப்பாளர்கள். இவர்கள் நாளைக்கு முழுப் பேச்சும் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற மாதிரியே எடுத்து வைத்திருந்ததாக ஹிட்ச்காக் பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொன்னார். அதனால் இன்று நம்மிடம் இரண்டு ‘பிளாக்மெயில்’ இருக்கின்றன, ஒன்று பேசும், ஒன்று பேசாது. பேசுவது 1929 ஜூனில் முதலில் காட்டப்பட்டது. நாட்டில் பெரும்பாலான கொட்டகைகளில் ஒலிக்கருவி இல்லாததால் ஊமைப் பதிப்பும் பின்னாலேயே வந்தது.

கதை சுருக்கமாக: ஃபிராங்க் லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் துப்பறிவாளன். காதலி ஆலிஸ், செல்சியில் புகையிலைக் கடை வைத்திருப்பவரின் மகள். ஹோட்டலில் இருவருக்கும் சண்டை. அவள் ஒரு ஓவியனோடு போகிறாள். அவன் தன் அறையில் அவளைப் பலாத்காரம் செய்யப் பார்க்கிறான். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவள் கை மட்டும் நீண்டு, துழாவி, ரொட்டி வெட்டும் கத்தியை எடுக்கிறது. சற்று நேரத்தில் அவன் கை துவண்டு விழுகிறது. அவ்வளவுதான் நாம் பார்ப்பது. அவள் தன் கையுறைகளை அங்கேயே மறந்துவிடுகிறாள். மறுநாள் விசாரணைக்குப் போகிற ஃபிராங்க் ஒன்றைக் கண்டெடுக்கிறான். யாருடையது என்று அடையாளம் தெரிந்ததும் ஜேபிக்குள் போட்டுக்கொள்கிறான்.

இன்னொன்று டிரேசி என்பவன் கையில். முந்தின இரவு அந்த வாசலிலேயே திரிந்துகொண்டிருந்தவன். கையுறையை ஆட்டிக்கொண்டு கடைக்கு வருகிறான். இங்கேதான் டொனால்ட் கால்த்ராப்பின் நடிப்பைப் பார்க்க வேண்டும். அவன் குரலை உயர்த்துவதே இல்லை. கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த சுருட்டைக் கேட்டு எடுக்கிறான், நிதானமாகப் பற்றவைக்கிறான், காசைப் போலீஸ்காரன் கொடுக்கும்படி செய்கிறான். பிறகு அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுகிறான். மிரட்டல் என்று ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. ஆலிஸின் தாய்தந்தைக்கு ஏதோ விருந்தாளி என்று நினைப்பு.

கொள்ளைக்கும் மிரட்டலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மேஜையில் தெரிகிறது. கொள்ளையில் ஒருவன் உள்ளே நுழைந்து, எடுத்து, வெளியே போகிறான், தொடக்கமும் முடிவும் உண்டு. மிரட்டுகிறவன் வெளியே போகவே மாட்டான். அவனுக்குப் பெட்டகம் உடைக்க வேண்டியதில்லை, பூட்டியே இருந்தால்தான் அவனுக்கு வரும்படி. பிளாக்மெயில் என்ற சொல்லின் பூர்வீகமும் இதுதான். இங்கிலாந்து–ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில், மாட்டை ஓட்டிப்போகாமல் இருப்பதற்காகக் கொள்ளைத் தலைவர்களுக்குக் கட்டிய கப்பம். அதிலுள்ள ‘மெயில்’ தபாலைக் குறிப்பதல்ல, வாடகை என்று பொருள்படும் பழைய ஸ்காட்லாந்துச் சொல்.

ஒலி இந்தப் படத்துக்கு என்ன செய்தது என்பதற்கு வழக்கமாகக் காட்டுகிற உதாரணம் ‘கத்தி’ காட்சி. வழக்கமான உதாரணம் என்பதற்காக ஒதுக்க முடியாது, அவ்வளவு நன்றாக இருக்கிறது. காலையில் ஆலிஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுப் பெண் கொலையைப் பற்றி ஓயாமல் வம்பளக்கிறாள். செங்கல்லால் அடிக்கலாம், ஆனால் கத்தி என்பது நம் நாட்டு வழக்கமே இல்லை என்கிற தினுசில். பேச்சு மெல்ல மெல்லக் குழைந்து முணுமுணுப்பாகிறது, ‘கத்தி’ என்ற ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாக வந்து குத்துகிறது. அந்த நேரம் பார்த்து அப்பா, ரொட்டி வெட்டம்மா என்கிறார். ஒலி வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாத ஊரில், எல்லோரும் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டுமே என்று மைக்கைக் கட்டிக்கொண்டு அழுதபோது, இவர் வேண்டுமென்றே பேச்சைக் கலைத்துக் காட்டினார்.

ஆலிஸாக நடித்த அன்னி ஓன்ட்ரா செக் நாட்டில் பெயரெடுத்த நடிகை. அவர் உச்சரிப்பு லண்டன் புகையிலைக் கடைக்காரர் மகளுக்கு ஒட்டவில்லை. எடுத்த பிறகு குரல் சேர்க்கிற வசதி அப்போது இல்லை. அதனால் ஜோன் பேரி என்ற நடிகையைக் கேமராவுக்கு வெளியே மைக்கோடு நிறுத்தி, அவர் வசனம் சொல்லச் சொல்ல ஓன்ட்ரா வாயசைத்தார், படப்பிடிப்பு நடக்கும்போதே. இரவல் குரல் நமக்குப் பழகிய சங்கதிதான், ஆனால் உடனுக்குடன் இரவல் வாங்கியதை இங்கே பார்க்கலாம். ஓன்ட்ராவிடம் எப்போதும் ஒரு கணம் தயக்கம் தெரிகிறது. அதிர்ச்சியில் உறைந்த பெண்ணுக்கு அது தற்செயலாகப் பொருந்திப்போனது என்பது என் எண்ணம்.

ஊமைப் பதிப்பில் ‘கத்தி’ என்ற சொல் விளையாட்டுக்கு இடமில்லை. நேரே கை, கத்தி, ரொட்டி. இன்னும் வேகமான படம் அது. கேமரா ஓடியாடுகிறது. பேசும் படக் காட்சிகளில் கேமராவின் இரைச்சல் பதியாமல் இருக்க அதை ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள், ஆகவே பல இடங்களில் அது கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கிறது.

துரத்தல் காட்சி பிரிட்டிஷ் மியூசியத்தில். அங்கே எடுக்கிற அளவுக்கு வெளிச்சம் கிடையாது. ஜெர்மனியில் ஒய்கன் ஷுஃப்டான் கண்டுபிடித்த கண்ணாடித் தந்திரத்தைக் கையாண்டார்கள். மியூசியக் கூடங்களை அரைமணி நேரம் ஒளி விட்டு நிழற்படம் எடுத்து, அதைப் பின்னொளியோடு நிறுத்தி, அதன் பிம்பம் விழும்படி கேமராவுக்கு முன்னால் 45 பாகையில் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். நடிகர் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் ரசத்தைச் சுரண்டிவிட்டால், அந்த ஓட்டை வழியே எதிரே நிற்கும் நடிகர் தெரிவார், சுற்றிலும் மியூசியம் பிம்பமாகத் தெரியும். தயாரிப்பாளர்களுக்கு இந்தப் புதுமை மேல் நம்பிக்கை இருக்காது என்று ஹிட்ச்காக் சொல்லவேயில்லையாம். ஸ்டூடியோ முதலாளி வந்து எட்டிப் பார்த்தால் காட்டுவதற்கு, பக்கத்தில் இன்னொரு கேமராவை வைத்து ஒரு கடிதத்தைப் படமெடுப்பதுபோல் பாவலா செய்தார்களாம். 2012இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ஊமைப் பதிப்பைச் செப்பனிட்டு, அதே மியூசியத்தின் முன்வெளியில் நேரடி இசையோடு திரையிட்டார்கள்.

இப்போது அந்தக் கையுறை. ஓவியனின் வீட்டுக்காரப் பெண்மணி டிரேசியை அந்த இரவு பார்த்ததாகச் சொல்கிறாள். அவன் ஏற்கெனவே போலீஸ் ஏட்டில் இருக்கிற பேர்வழி. செய்தி வந்ததும் ஃபிராங்க் நிமிர்ந்து உட்கார்கிறான். இப்போது மிரட்டுவது அவன் முறை. உன் சொல்லை யார் நம்புவார்கள் என்கிற தோரணை. டிரேசியின் முகத்திலிருந்து திமிர் வடிகிறதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. இவன் அயோக்கியன்தான், ஆனால் கொலைகாரன் இல்லை, அது ஃபிராங்குக்குத் தெரியும், நமக்கும் தெரியும். ஆலிஸ் பேச வாயெடுக்கிறாள், ஃபிராங்க் அடக்குகிறான். டிரேசி ஜன்னலை உடைத்து ஓடி, மியூசியத்தின் கூரையில் ஏறி, துரத்தி வருகிறவர்களிடம், நீங்கள் தேட வேண்டியது என்னையல்ல, இவனைக் கேளுங்கள் என்று ஃபிராங்கைக் காட்டத் தொடங்கும் நேரம் குவிமாடக் கண்ணாடி உடைந்து உள்ளே விழுகிறான். சொல்ல வந்தது அவனோடு போகிறது. வழக்கும் மூடப்படுகிறது.

ஆலிஸ் உண்மையைச் சொல்லிவிட ஸ்காட்லாந்து யார்டுக்கு வருகிறாள். சொல்ல ஆரம்பிக்கும்போது இன்ஸ்பெக்டருக்குத் தொலைபேசி வருகிறது, நீயே கவனித்துக்கொள் என்று ஃபிராங்கிடம் தள்ளிவிடுகிறார். அவன் அவளைக் கையைப் பிடித்து வெளியே நடத்திக் கூட்டி வருகிறான். வாசல் காவலர் சிரித்துக்கொண்டே, கொலைகாரன் யார் என்று அம்மணி சொல்லிவிட்டாரா, இனிமேல் பெண் துப்பறிவாளர்கள் வந்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று வேடிக்கை பேசுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆலிஸும் சிரிக்க முயல்கிறாள். அப்போது கொலை நடந்த அறையிலிருந்த கோமாளியின் ஓவியத்தை யாரோ உள்ளே தூக்கிப் போகிறார்கள். கெக்கலித்துச் சிரித்துக்கொண்டு, அவளை நோக்கி விரலை நீட்டியபடி.

டாய்லும் விட்டார், ஃபிராங்கும் விட்டான். ஆனால் டாய்ல் விட்டபோது அவர் கை வெறுங்கை. ஃபிராங்க் கையில் ஒரு கையுறை இருக்கிறது, அவன் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணுடையது. அவள் தற்காப்புக்காகக் குத்தினாள். நீதிமன்றத்தில் சொல்லியிருந்தால் தலைநிமிர்ந்து வெளியே வந்திருக்கலாம். அவன் சொல்லவிடவில்லை. டிரேசி கேட்டது ஒரு சுருட்டும் கொஞ்சம் காசும் ஒரு காலைச் சாப்பாடும். ஃபிராங்க் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இனி அவனுக்கு இல்லை. படத்துக்கு வைத்த பெயர் டிரேசியைக் குறிக்கிறது என்று படம் பாதி ஓடும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கும் வரிசை கேட்டீர்கள். முதலில் ‘ஜிம்மி வேலன்டைன்’. ஐந்து ரீல் படம், சீக்கிரம் முடிந்துவிடும். பொறுமை இல்லையென்றால் மேலே இருந்து எடுத்த கொள்ளைக் காட்சியையும் கடைசிப் பெட்டகக் காட்சியையும் மட்டுமாவது பாருங்கள். பிறகு ‘பிளாக்மெயில்’ ஊமைப் பதிப்பு. ஒரு வாரம் விட்டுப் பேசும் பதிப்பு. சுரங்க ரயிலில் ஒரு சின்னப் பையன் புத்தகம் படிக்கிறவரின் தொப்பியை இழுத்து வம்பு செய்வான். அந்தக் குண்டு மனிதர்தான் ஹிட்ச்காக்.

இரண்டு பதிப்புமே ஒரே மாதிரி தொடங்கும், கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவனைக் கைது செய்வதோடு. பேசும் பதிப்பிலும் அந்த முதல் எட்டு நிமிடம் பேச்சில்லை. ஓடும் வண்டிச் சக்கரம், படுக்கையில் பத்திரிகை படிக்கிறவன், கண்ணாடியில் தெரியும் போலீஸ், விசாரணை, அடையாள அணிவகுப்பு, கைரேகை, சிறைக் கதவு. வேலை முடிந்து துப்பறிவாளர்கள் கை கழுவிக்கொண்டு அரட்டை அடிக்கிறார்கள். ஹிட்ச்காக் நினைத்திருந்த முடிவு வேறு என்று ட்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். இதே சடங்குகள் ஒன்று விடாமல் ஆலிஸுக்கு நடக்க வேண்டும், ஃபிராங்க் பேசாமல் உடனிருக்க வேண்டும். விஷயம் தெரியாத மூத்த சகா கை கழுவுகிற இடத்தில், இன்று சாயங்காலம் உன் பெண்ணோடு வெளியே போகிறாயா என்று கேட்பார், இல்லை, நேராக வீட்டுக்குத்தான் என்பான் இவன். இவ்வளவு சோகம் வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். படம் முடிந்ததும் எழுந்துவிடாமல் அந்த முதல் எட்டு நிமிடத்தை மறுபடி ஓட்டுங்கள், அந்தக் கைதி இருக்கிற இடத்தில் ஆலிஸை வைத்துப் பாருங்கள்.